தென்கொரியாவில் ஆசிரியர் வேலையை விட்டு வரும்போது: பாக்கிப் பணமும் சட்டமும்

தென்கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் சம்பளம் எவ்வளவு, வீடு தருவார்களா, விமானச் சீட்டு யார் செலவு என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள். வேலையை விடும்போது என்ன நடக்கும் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தகராறு கிளம்புவதோ அந்தக் கடைசி ஒன்றிரண்டு மாதங்களில்தான். கடைசிச் சம்பளம் வராது. ஓராண்டு முடித்தவருக்குச் சேர வேண்டிய தொகை வராது. மாதாமாதம் பிடித்த ஓய்வூதியப் பணத்தை முதலாளி கட்டவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

இதைத் தமிழில் எழுத வேண்டிய தேவை இருக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசாவைக் கொரியா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் தருகிறது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, பட்டம் முடித்த கையோடு ஓராண்டு போய் வருவோம் என்று கிளம்ப இந்த வழி திறந்திருக்கிறது. இந்தியர்களுக்கும் ஒரு குறுகிய வழி உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதிச் சான்று உள்ளவர்கள் அரசுப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகச் சேரலாம்.

வேலை கிடைக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று அரசுப் பள்ளி. 1995 முதல் நடக்கும் எபிக் என்ற அரசுத் திட்டத்தின் வழியே பலர் சேர்கிறார்கள். அங்கே கல்வித் துறை அலுவலகம் நேரடியாகப் பொறுப்பேற்பதால் பணம் சம்பந்தமான சண்டை குறைவு. மற்றொன்று ஹாக்வொன், அதாவது தனியார் டியூஷன் நிறுவனம். தெருவுக்கு நாலு இருக்கும். பெரிய சங்கிலி நிறுவனங்களும் உண்டு. கணவனும் மனைவியுமாக இரண்டு அறையில் நடத்துவதும் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஹாக்வொன்களைச் சேர்ந்தவை. நேர்மையாக நடத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்றை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கொரியத் தொழிலாளர் சட்டம் ஆசிரியருக்குக் கணிசமாகவே சாதகமானது. நாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விசா முதலாளி பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது, குடியிருக்கும் வீடு முதலாளி எடுத்துக் கொடுத்தது, ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கும் தேதி குறித்தாகிவிட்டது. உரிமை ஆசிரியரிடம் இருந்தாலும் அவகாசம் முதலாளியிடம் இருக்கிறது. "இவள் அடுத்த வாரம் பிளேன் ஏறிவிடுவாள், அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்" என்ற கணக்கில்தான் பல பாக்கிகள் நின்றுபோகின்றன.

ஓராண்டு முடித்தால் வரும் தொகை

ஒரே இடத்தில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையை விடும்போது குறைந்தது 30 நாள் சராசரி ஊதியத்தை முதலாளி தர வேண்டும். நம் ஊர்ப் பணிக்கொடை மாதிரிதான். ஆனால் இந்தியாவில் அதற்குப் பல காலமாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கொரியாவில் ஓராண்டு போதும். இதைப் பணிமுடிவுத் தொகை என்று இங்கே சொல்கிறேன். கொரியர்கள் 'த்வேஜிக்கும்' என்பார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் போய் அந்தச் சொல்லைச் சொன்னாலே விஷயம் புரிந்துவிடும்.

கணக்கு இப்படி. கடைசி மூன்று மாதச் சம்பளத்தைக் கூட்டி, அந்த மூன்று மாதத்தில் உள்ள மொத்த நாட்களால் வகுத்து, 30ஆல் பெருக்க வேண்டும். மாதம் 24 லட்சம் வோன் வாங்கும் ஆசிரியை ஆகஸ்ட் கடைசியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 72 லட்சம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சேர்ந்து 92 நாள். ஒரு நாளைக்கு 78,260 வோன், 30 நாளைக்கு சுமார் 23 லட்சத்து 48 ஆயிரம் வோன். ஒப்பந்தத்தில் குறித்த வழக்கமான நாள் ஊதியம் இந்தச் சராசரியைவிட அதிகமாக வந்தால், அதிகமானதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆகவே ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம், சில சமயம் அதற்கு மேலும். இரண்டு ஆண்டு இருந்தால் இதைப்போல் இரு மடங்கு.

வாரத்துக்குச் சராசரியாக 15 மணி நேரமாவது வேலை இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. "எங்களுடையது சின்ன இடம், நாங்கள் தர வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கும் 2010 டிசம்பரிலிருந்து இந்த விதி பொருந்துகிறது. முதல் இரண்டு ஆண்டு பாதித் தொகை என்று இருந்தது. 2013 தொடங்கி முழுத் தொகை.

இந்தத் தொகையும் கடைசிச் சம்பளமும் வேலை முடிந்த 14 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 20 சதவீத வட்டி கேட்டு வழக்குப் போடலாம். 2022 ஏப்ரலிலிருந்து பணிமுடிவுத் தொகையை ஐஆர்பி என்ற தனிக் கணக்கில் போட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. 30 லட்சம் வோனைத் தாண்டாத தொகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், ஓராண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகிறவர்கள் பலருக்கு வழக்கமான வங்கிக் கணக்கிலேயே வந்துவிடும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.

முதலாளிகள் கையாளும் ஒரு வழி, "பணிமுடிவுத் தொகை மாதச் சம்பளத்திலேயே சேர்ந்திருக்கிறது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுவது. அந்த ஏற்பாடு செல்லாது என்று கொரிய உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு 2010இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் முதலாளிக்கும் ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பெயரில் தனியாக ஒரு தொகையை உண்மையாகவே மாதாமாதம் கொடுத்து வந்திருந்தால், அதை அவர் திரும்பக் கோரலாம். பணிமுடிவுத் தொகையில் பாதி வரைதான் கழிக்க முடியும். வெறும் வரியாக மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பிடியும் கிடையாது.

பதினோராம் மாதம்

ஓராண்டு முடிந்தால்தான் தொகை என்பதால், பதினொன்றாம் மாதத்தில் ஆசிரியரைக் கழற்றிவிடும் பழக்கம் சில ஹாக்வொன்களில் இருக்கிறது. அதுவரை பாராட்டியவர்கள் திடீரென்று பெற்றோர் புகார், பிள்ளைகள் குறைகிறார்கள், பாடம் சரியில்லை என்று ஆரம்பிப்பார்கள். கொரியாவில் இருந்துவிட்டு வந்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்தப் பேச்சு வரும்.

இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

மூன்று மாதத்துக்கு மேல் வேலை பார்த்த எவரையும் நீக்க வேண்டுமென்றால் 30 நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் நீக்கினால் 30 நாள் வழக்கமான ஊதியத்தைத் தர வேண்டும். தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இது. ஐந்து பேருக்குக் குறைவான இடத்துக்கும் பொருந்தும். அதாவது பதினொன்றாம் மாதத்தில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால், பணிமுடிவுத் தொகையை மிச்சப்படுத்த நினைத்த முதலாளி கிட்டத்தட்ட அதே அளவு பணத்தை இன்னொரு பெயரில் தர வேண்டியிருக்கும். அறிவிப்புக் காலமும் வேலைக் காலத்தில் சேர்த்தி. பதினொன்றாம் மாதத்தின் பாதியில் அறிவித்தால் அந்த 30 நாளும் சேர்ந்து ஓராண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் இன்னும் பலமான பாதுகாப்பு உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் நீக்கவே கூடாது. காரணத்தையும் தேதியையும் எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் தொழிலாளர் உறவு ஆணையத்தில் முறையிடலாம். மூன்று மாதம் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். கொரிய ஊழியர்கள், வரவேற்பில் இருப்பவர், பகுதி நேரமாக வருகிறவர் எல்லாரும் அந்த ஐந்து பேர் கணக்கில் வருவார்கள், ஆகவே யார் யார் வேலை பார்த்தார்கள் என்று குறித்து வைப்பது உதவும். ஓராண்டு ஒப்பந்தம் தன் தேதியில் முடிந்து, புதுப்பிக்காமல் விட்டால் அது பொதுவாகப் பணிநீக்கம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பாதுகாப்பு முழுவதையும் ஒரே கையெழுத்தில் இழந்துவிட முடியும். முதலாளி கனிவாகப் பேசுவார். "நீக்கினோம் என்று இருந்தால் உன் விசாவுக்குக் கெடுதல், ராஜினாமா என்று எழுதிக்கொடுத்துவிடு" என்பார். எழுதிக்கொடுத்தால் நீங்களாகவே விட்டுப்போனதாக ஆகிவிடும். 30 நாள் ஊதியம் போச்சு, ஆணையத்தில் முறையிடும் உரிமையும் போச்சு. உங்களை நீக்குகிறார்கள் என்றால் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். கொரிய மொழியில் இருக்கும் தாளில், என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்தே போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நீங்களாகவே விடும்போது

இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். முடிந்தவரை அதன்படி நடப்பது நல்லது. பிள்ளைகளுக்கும் அடுத்து வரும் ஆசிரியருக்கும் அது நியாயம், உங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் பாதியில் விட்டால் இத்தனை லட்சம் வோன் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். வேலை ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே அபராதம் நிர்ணயிப்பதை 20ஆம் பிரிவு தடை செய்கிறது. உண்மையில் நஷ்டம் ஏற்பட்டதை நிரூபித்து முதலாளி தனியாக வழக்குப் போடலாம் என்றாலும், நிரூபிக்கும் பாரம் முழுக்க அவருடையது.

விமானக் கட்டணம் கொஞ்சம் சிக்கலானது. ஆறு மாதத்துக்குள் விட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து, எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அந்தச் செலவு யாருடையதாக ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதைப் பொறுத்துச் செல்லவும் செய்யலாம், செல்லாமலும் போகலாம். ஆனால் அதை உங்களைக் கேட்காமல் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. சம்பளத்தை முழுமையாக, நேரடியாகத் தொழிலாளியிடம் தர வேண்டும் என்பது 43ஆம் பிரிவு. முதல் சில மாதச் சம்பளத்தில் "வைப்புத் தொகை" என்று பிடித்து வைத்துக்கொள்வதும் இதே பிரிவுக்குள் வரும். வீட்டின் மின்சாரம், எரிவாயு பாக்கி உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையோ அயல்நாட்டவர் பதிவு அட்டையையோ வாங்கி வைத்துக்கொள்வது குடிவரவுச் சட்டப்படியே குற்றம். யார் கேட்டாலும் தர வேண்டாம்.

எடுக்காத விடுப்புக்கும் பணம் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் முதல் ஆண்டில் குறையில்லாமல் வந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நாள் வீதம் 11 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. சரியாக ஓராண்டு மட்டும் வேலை பார்த்து விடுகிறவருக்கு இந்த 11தான், இரண்டாம் ஆண்டுக்குரிய 15 சேராது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

"நீங்கள் தொழிலாளியே இல்லை"

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனபிறகு முதலாளிகள் எடுக்கும் பெரிய ஆயுதம் இதுதான். இவர் எங்கள் ஊழியர் அல்ல, தனியாகத் தொழில் செய்கிறவர், ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம்தான் போட்டோம் என்பார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் 3.3 சதவீதம் மட்டும் வரி பிடித்திருந்தால், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லையென்றால், உங்களை அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள். 3 சதவீதம் வருமான வரி, 0.3 சதவீதம் உள்ளாட்சி வரி. சொந்தத் தொழில் செய்கிறவருக்குப் பிடிக்கும் விகிதம் அது. மாதம் கையில் கொஞ்சம் அதிகமாக வருவதால் புதிதாக வந்தவருக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும். முதலாளி தன் பங்குக் காப்பீட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கிறார் என்பது வேலையை விடும்போதுதான் உறைக்கும்.

கொரிய நீதிமன்றங்கள் இதில் ஆசிரியர்களுக்கு உதவும் வகையில் தெளிவாகப் பேசியிருக்கின்றன. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, யார் தொழிலாளி என்பதைத் தீர்மானிக்க இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. அந்த வழக்கே ஒரு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிறுவனத்தின் ஆசிரியர்கள் தொடுத்ததுதான். ஒப்பந்தத்தின் பெயர் என்ன என்பது முக்கியமில்லை, ஒருவருக்குக் கீழ்ப்பட்டு உழைத்தாரா என்ற நடைமுறை உண்மைதான் முக்கியம் என்றது நீதிமன்றம். அடிப்படைச் சம்பளம் இல்லை, காப்பீட்டில் சேர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துத் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் கை ஓங்கிய முதலாளி இவற்றைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியும் என்றும் சொன்னது. பணம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் தாமே தாளை எழுதிவிட்டு, பிறகு அந்தத் தாளையே சாட்சியாகக் காட்டுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிலாளர் வழக்கில் இதைவிட முக்கியமான புரிதல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2015இல் ஒரு பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனத்தின் அயல்நாட்டு ஆசிரியர்கள் தொடுத்த வழக்கிலும் அவர்கள் தொழிலாளர்களே, பணிமுடிவுத் தொகை உண்டு என்றே தீர்ப்பு வந்தது.

ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது நடைமுறையை. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் பாடப்புத்தகம், எந்த வகுப்பறை என்று அவர்கள்தான் சொன்னார்களா? தாமதமாக வந்தால் கண்டித்தார்களா? உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப உங்களுக்கு உரிமை இருந்ததா? இ-2 விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வேறிடத்தில் கற்பிக்கவே முடியாது என்பதும் உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும் வாதம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: தொழிலாளி என்று முடிவானால், இதுவரை கட்டாத காப்பீடுகளில் உங்கள் பங்கையும் பின்தேதியிட்டுக் கேட்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் அப்படியும் லாபம்தான், என்றாலும் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது.

விசா என்ற முடிச்சு

ஒப்பந்தம் முழுதாக முடிந்தபின் வேறு இடத்துக்குப் போவது எளிது. பாதியில் மாற வேண்டும் என்றால் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். ஆசிரியர்கள் பேச்சில் இது ரிலீஸ் லெட்டர். இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு என் பார்வையில் இதுதான் முதல் காரணம். பாக்கியைக் கேட்டால் லெட்டர் இல்லை என்பார்கள்.

இதில் மூன்று வழிகள் கவனிக்கத் தக்கவை. வேலை தேடுவோருக்கான டி-10 விசாவுக்கு மாறி, அடுத்த வேலை கிடைக்கும்வரை நாட்டில் இருக்கலாம். தகுதியும் ஆவணங்களும் உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாறும். சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணையோ நீதிமன்றத்தில் வழக்கோ நடந்தால், அது முடியும்வரை தங்க ஜி-1 விசா கோரலாம். மூன்றாவது, சண்டை போடுவதற்கு முன்பே விசாரிப்பது. குடிவரவுத் துறையின் 1345 என்ற எண்ணில் பல மொழிகளில் பதில் சொல்வார்கள். நீங்கள் வேலையை விட்டதை முதலாளி 15 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் தெரிவித்த பிறகு ஓடுவதைவிட முன்பே போய்க் கேட்பது எவ்வளவோ மேல்.

வேலை பார்த்ததற்கான சான்றிதழ் வேறு, இந்த லெட்டர் வேறு. சான்றிதழைக் கேட்டால் முதலாளி மறுக்க முடியாது. உங்களுக்கு அடுத்த வேலை கிடைக்காமல் தடுக்கும் நோக்கத்தில் பெயர்ப்பட்டியல் தயாரிப்பதும் தகவல் பரப்புவதும் 40ஆம் பிரிவின்படி குற்றம்.

புகார் எப்படிப் போகும்

முதலில் ஆதாரம். ஒப்பந்தத்தின் பிரதி, வங்கியில் சம்பளம் வந்த பதிவுகள், சம்பளச் சீட்டு, வகுப்பு அட்டவணை, முதலாளியோடு காக்காவோடாக் என்ற கொரிய அரட்டைச் செயலியில் பேசிய செய்திகள். எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலை போன நாளிலேயே நிறுவனக் கணக்கையும் குழுவையும் மூடிவிடுவார்கள். நீங்களும் பங்கெடுக்கும் உரையாடலைப் பதிவு செய்வதற்குக் கொரியச் சட்டத்தில் தடையில்லை. மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவதைப் பதிவு செய்தால் அது குற்றம்.

வேலை முடிந்து 14 நாள் கழிந்தும் பணம் வரவில்லையென்றால், அந்த ஹாக்வொன் இருக்கும் பகுதியின் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இணையத்திலும் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வேலைவாய்ப்பு, தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண் 1350. ஒரு தொழிலாளர் ஆய்வாளர் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார். 25 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, நீட்டிக்கவும் செய்வார்கள். கொரிய மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது பெரிய பலம். சோல் நகரில் இருப்பவர்கள் சோல் குளோபல் சென்டரில் இலவசத் தொழிலாளர் ஆலோசனை பெறலாம்.

பல வழக்குகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் கொரியாவில் சம்பளம் தராதது கிரிமினல் குற்றம். ஆய்வாளர் கோப்பை அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப முடியும். ஆனால் தண்டிக்க வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவரே சொல்லிவிட்டால் பொதுவாக வழக்கு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் விசாரணை அறையில் சமரசப் பேச்சு பலமாக நடக்கும். பாதியை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்களேன் என்று ஆய்வாளரே சொல்வதும் உண்டு. அவர் மேசையில் கோப்புகள் குவிந்திருக்கின்றன, அதைப் புரிந்துகொள்ளலாம். அதற்காக உங்கள் பணத்தில் பாதியை விட வேண்டியதில்லை. பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்தபிறகே மனுவைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்திடுங்கள்.

இன்னொரு முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது பணிமுடிவுத் தொகை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தது செல்லாது. வேலையை விட்டபிறகு எழுதிக்கொடுத்தால் அது செல்லும். விமான நிலையத்துக்குக் கிளம்பும் நாளில் நீட்டப்படும் "கணக்கு முடிந்தது" என்ற தாளை, ஆரம்பத்தில் போட்ட ஒப்பந்தத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் உத்தரவிட்டும் தரவில்லையென்றால், பாக்கி இவ்வளவு என்று உறுதிசெய்யும் சான்றை அவரிடம் வாங்கிக்கொண்டு சிவில் வழக்குக்குப் போகலாம். குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சட்ட உதவிக் கழகம் (எண் 132) செலவில்லாமல் வழக்கு நடத்தித் தருகிறது. ஹாக்வொன் மூடிவிட்டது, முதலாளி கையை விரித்துவிட்டார் என்றால் அரசே ஒரு நிதியிலிருந்து முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. எளிய நடைமுறையில் சம்பளமும் பணிமுடிவுத் தொகையும் சேர்த்து அதிகபட்சம் 1 கோடி வோன் வரை கிடைக்கும். ஓராண்டு வேலை பார்த்த ஆசிரியரின் பாக்கி பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

கோபத்தில் ஹாக்வொனின் பெயரைப் போட்டு இணையத்தில் எழுதிவிடாதீர்கள். கொரியாவில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம். பொது நலனுக்காகவே சொன்னேன் என்று வாதாட இடமிருந்தாலும், உங்கள் சம்பள வழக்கோடு இன்னொரு கிரிமினல் வழக்கையும் சுமக்க வேண்டிவரும். மற்ற ஆசிரியர்களை எச்சரிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். நேரில் விசாரிக்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பும்போது

தேசிய ஓய்வூதியத்தில் பிடித்த பணத்தை, நாட்டை விட்டுப் போகும்போது மொத்தமாகத் திரும்பப் பெற முடியுமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாட்டவர்களுக்கு ஒப்பந்தம் இருப்பதால் கிடைக்கும், முதலாளியின் பங்கும் சேர்ந்து. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. வேலையில் இருக்கும்போதே ஒருமுறை ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டு, உங்கள் பெயரில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் விட்டிருந்தால், கடைசி வாரத்தில் தெரியவருவதைவிட நாலாம் மாதத்தில் தெரியவருவது எவ்வளவோ மேல்.

விமானம் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம்தான் முதலாளிகளுக்குத் தைரியம் கொடுக்கிறது. அது சரியல்ல. சம்பளத்தையும் பணிமுடிவுத் தொகையையும் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. சென்னையிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ கேட்கலாம். கிளம்புவதற்கு முன் மனுவைப் பதிவு செய்துவிட்டு, நம்பிக்கையான ஒருவருக்கோ உரிமம் பெற்ற தொழிலாளர் சட்ட ஆலோசகருக்கோ அதிகாரம் அளிக்கும் கடிதம் கொடுத்துவிட்டால் அவர்கள் உங்களுக்காக நேர்நிற்பார்கள். கொரிய வங்கிக் கணக்கு, மாறாத ஒரு மின்னஞ்சல், பதிவு அட்டையின் நகல், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். மனு எண்ணையும் ஆய்வாளரின் பெயரையும் அதோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.